நானூற்றுப் பன்னிரண்டு வரிக்குக் கீழே

பேப்பரில் போட்டிருந்தபடி ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. மின்விசிறி தன் பாட்டுக்கு நாலைந்து சுற்று சுற்றிவிட்டு நின்றது. தெருக்கோடி மாவு மில்லின் சத்தமும் நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு, அம்மாபேட்டையும் சுற்றுவட்டாரமும், பிற்பகல் இரண்டு மணி வரை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப் மட்டும் வெளிச்சமாக இருந்தது, இணையத்தைப் போனிலிருந்து எடுத்திருந்தாள். அதன் மூலையில் 71 என்று காட்டியது. தமயந்தி வேலையை விட்டுவிட்டு அந்த எண்ணையே பார்த்தாள். அந்த எண்ணை நம்ப வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். பேட்டரியை அளக்கும் சில்லுக்கு மீதி எவ்வளவு என்று தெரியாது. வெளியே போனதை மட்டும் அது எண்ணுகிறது, இருந்திருக்கக்கூடியதிலிருந்து கழிக்கிறது, மீதி இவ்வளவு இருக்கலாம் என்று ஊகித்துச் சொல்கிறது. அந்த ஊகத்தைத் திரையில் கொண்டுவந்து காட்டும் அறுநூறு சொச்சம் வரி நிரலைத்தான் அவளும் தூத்துக்குடி பெனடிக்ட் ராயனும் ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டார்கள் என்பது இப்போது தப்பு. பட்டியலில் மட்டும் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. காலையில் ஏழரைக்கு ராயனின் மனைவி விஜிலா கூப்பிட்டிருந்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. அவிய போனுக்கு இன்னும் மெயிலு வந்துக்கிட்டேதான் இருக்கு. நேத்து மட்டும் பதினாலு." விஜிலாவே தொடர்ந்தாள். "சத்தத்த அமத்திப் போட்டுப் பாத்தேன். அப்போ வந்துருக்கா வந்துருக்கான்னு நானே எடுத்து எடுத்துப் பாக்கேன். அது இத விட மோசமா இருக்கு. நிப்பாட்ட முடியுமாக்கா?" இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் விஜிலா என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த பிறகுதான், மார்ச்சிலிருந்து நவம்பர் வரை இதைச் செய்யாமல் இருந்ததற்கு அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடக் காரணம் கேட்கவில்லை என்பது உறைத்தது.

செய்ய வேண்டியது ஒரே வரி. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் மெயில் போட்டுப் போட்டே எழுதிவரும் கெர்னல் அது. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து மற்றதையெல்லாம் தாங்குகிற நிரல். அதன் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. யாராவது ஒரு திருத்தம் அனுப்பினால் ஒரு சின்ன நிரல் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பொறுப்பானவருக்கெல்லாம் பிரதி போட்டுவிடும். அந்தச் சின்ன நிரலுக்கு உயிரோடிருப்பவர், இல்லாதவர் என்கிற பேதம் தெரியாது. பெயர் இருக்கிறவரைக்கும் போடும். போலந்திலிருந்து ஒருத்தன் மூன்றாவது தடவையாகத் திருத்தம் அனுப்பி, ராயன் அவர்களின் கருத்துக்குக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறான். காத்திரு. பட்டியலில் அந்தப் பெயரை எடுத்து, போனவர்களின் பெயர்களைச் சேர்த்து வைக்கிற இன்னொரு கோப்பில் எழுதி அனுப்ப வேண்டும். சக பொறுப்பாளர் என்ற முறையில் அவள்தான் அனுப்ப வேண்டும். ஏப்ரலில் யாரோ கேட்டபோது, நான் செய்கிறேன் என்று இவளே எழுதியிருக்கிறாள். அதுவும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே எழுதிய எதுவும் அழியாது. பெயரை எடுப்பது அரை நிமிட வேலை. ஆனால் எந்த மாற்றமானாலும் மேலே ஏன் என்று எழுதியே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ஏன். அந்த ஏன் என்ற இடத்தில்தான் எட்டு மாதமாகக் கர்சர் துடித்துக்கொண்டு நிற்கிறது. 68.

அவளுக்கும் அந்த விதிகளெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. பதினாலு வருடத்துக்கு முன்னால், கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, பழைய லேப்டாப் ஒன்று எப்போது பார்த்தாலும் நூறு என்றே காட்டிக்கொண்டு திடீரென்று அணைந்துபோகும். அது ஏன் என்று தோண்டப் போய்க் கெர்னலுக்குள் விழுந்தாள். முதலில் அனுப்பிய திருத்தத்துக்கு முகம் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரே சொல்லில் பதில் வந்தது: இல்லை. இரண்டாம் தடவை இரண்டு வரி: இடைவெளிகள் தவறு, மெயிலை வண்ணமும் அலங்காரமும் இல்லாத எளிய எழுத்தில் அனுப்பவும். மூன்றாம் தடவை: பதிலை மேலே எழுதாதே, மேற்கோளாக வரும் பழைய மெயிலின் வரிகளுக்குக் கீழே எழுது, தேவையில்லாத மேற்கோளை வெட்டு. ஏழாவது தடவை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்குக் கேசரி கிளறினாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னாலும் யாருக்குப் புரியும். பிறகு அவளே அந்த ஆளானாள். இல்லை என்று ஒரே சொல்லில் எழுதக் கற்றுக்கொண்டாள். மணிக்கணக்கில் ஒவ்வொருவருக்கும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுத முடியாதென்று மூன்று வரி பதில் ஒன்றைத் தயாராகக் கோப்பில் வைத்துக்கொண்டாள். எளிய எழுத்தில் அனுப்பவும். மேற்கோளை வெட்டவும். திரும்ப அனுப்பவும். ஒரு பொத்தானில் போய்விடும். ராயன் ஒருமுறை போனில் சொன்னார், "மேடம், நேர்ல பேசுனா நல்லாத்தான் பேசுதிய. மெயில்ல மட்டும் தாசில்தார் ஆபீஸ்ல மனு வாங்குற மாதிரில்லா இருக்கு." அவள் சிரித்தாள். தாசில்தார் சீல் இல்லாமல் எதுவும் உள்ளே வராது என்றாள். உள்ளே வராது. அந்தச் சிரிப்பு இப்போது எங்கிருந்து வருகிறது, மேசை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருக்கிறாள், பலகை உதிர்கிறது, நிறுத்து.

ராயனை அவள் நேரில் பார்த்ததில்லை. இரண்டு வருடம் வரைக்கும் அவர் தமிழர் என்றே தெரியாது. கோவாக்காரராக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருவரும் ஆங்கிலத்தில் ஐயா அம்மா என்று நீட்டி முழக்கி எழுதிக்கொண்டார்கள். அவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர். அவருடைய அண்ணன் படகில் இடம் காட்டும் கருவி ஒன்று, நாற்பது சதவீதம் என்று காட்டிக்கொண்டே நடுக்கடலில் செத்துப்போயிற்று. ஆறு மணி நேரம் திசை தெரியாமல் கிடந்து வந்தார்கள். அந்தக் கருவிக்குள்ளும் இதே சில்லு, இதே கெர்னல். கரையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு அவருக்குத் தோன்றியிருக்கிறது, படகில் அந்தக் கருவியை எங்கே வைக்கிறார்கள் என்று. ஐஸ் பெட்டிக்கு மேலே. பேட்டரி குளிர்ந்தால் கொள்ளளவு குறையும், நிரல் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் அனுப்பிய திருத்தத்தில், எப்படிச் சோதித்தேன் என்ற இடத்தில், ஐஸ் பெட்டியில் நெத்திலியோடு நான்கு மணி நேரம் வைத்துச் சோதித்தேன் என்று இருந்தது. ஆங்கில எழுத்தில் நெத்திலி. அவள் எல்லோருக்கும் போகும் மெயில் லிஸ்டில் முறைப்படி பதில் எழுதிவிட்டு, தனியாக ஒரு வரி போட்டாள்: நெத்திலியா? அரை மணியில் போன் வந்தது. "மேடம், சாளதான் போடணும்னு நெனச்சேன். அன்னைக்குக் கெடைக்கல." அதிலிருந்து மாதம் ஒருமுறையாவது பேசுவார்கள். பெரும்பாலும் பேட்டரி. கொஞ்சம் மழை, வெயில். அவருக்கு விஜிலா என்று மனைவி இருப்பதும், இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம் என்பதும் ஏதோ பேச்சில் வந்தது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லை. வயிறு சரியில்லை என்று போன டிசம்பரில் சொன்னார். பாருங்கள் என்றாள். பாருங்கள் என்று மட்டும்தான் சொன்னாள், அவருடைய திருத்தத்தின் ஐந்தாவது பதிப்பு எப்போது வரும் என்று அடுத்த வாக்கியத்தில் கேட்டாள், அது நினைவிருக்கிறது, வேண்டாமென்றாலும் அது மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது.

"ஏனுங்க தமயந்தி, உங்களுக்கும் இல்லீங்களா?" படிக்கட்டிலிருந்து கீழ் வீட்டு ருக்மாவின் குரல். பேப்பரில் போட்டிருந்தார்களே என்றாள். "போடறதுக்கென்னங்க. சொன்ன நேரத்துக்கு என்னிக்கு விட்டிருக்காங்க. மோட்டார் போட மறந்துட்டனுங்க, டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல." ருக்மா வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். "கரண்ட் இல்லாதப்பக்கூட அந்த டப்பாவ விட மாட்டீங்களா? யாரோ எவருக்கோ சும்மா செய்யற வேலைக்கு இத்தன மெனக்கெடணுமா?" தமயந்தி இரண்டு குடம் நிரப்பி வைத்திருந்ததில் ஒன்றைக் கொடுத்தாள். ருக்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது, காய்ச்சலா என்று கேட்டாள். பாருங்கள், கேட்கிறவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள், ஒரு குடம் தண்ணீர் வாங்க வந்த இடத்தில். இல்லையே என்றாள். ருக்மா போன பிறகு வீடு இன்னும் அமைதியாகிவிட்டது. 52. இவ்வளவு சீக்கிரமா. பழைய பேட்டரி. ஐம்பதுக்குக் கீழே வேகமாக இறங்கும், பிறகு பத்தில் நின்று நின்று ஏமாற்றும்.

அந்த மெயில் மார்ச் ஒன்பதாம் தேதி வந்தது. அப்போது அவள் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். ராயனிடமிருந்து. பத்து நாளாக எதிர்பார்த்த பதில், ஐந்தாவது பதிப்பைப் பற்றியது. திறந்தால் மேலே அவளுடைய சொந்த வார்த்தைகளே மேற்கோளாக வரிசையாக இறங்கின. தள்ளினாள், மேற்கோள். இன்னும் தள்ளினாள், மேற்கோள். போனிலிருந்து வண்ண எழுத்தில் அனுப்பியிருக்கிறார், லிஸ்ட் அப்படி வருவதை உள்ளேயே விடாது, மேற்கோளையும் வெட்டவில்லை, பதிலையே காணோம், தவறுதலாக விரல் பட்டு வெறுமனே போயிருக்கிறது. ஒன்பது வருடம் இந்த வேலை செய்கிறவர் இப்படி அனுப்பலாமா. ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டே அந்த மூன்று வரி பதிலைத் தட்டிவிட்டாள். எளிய எழுத்தில் அனுப்பவும். மேற்கோளை வெட்டவும். திரும்ப அனுப்பவும். கத்தரிக்காயில் இரண்டு சொத்தை என்று கடைக்காரனிடம் மாற்றி வாங்கினாள். மறுநாள் ராயனிடமிருந்து எளிய எழுத்தில், மேற்கோள் இல்லாமல், விதிப்படி ஒரு வரி வந்தது: மன்னிக்கவும் மேடம், சரி செய்து அனுப்புகிறேன். போனில் அந்த அமைப்பு எங்கேயோ உள்ளே ஒளிந்துகிடக்கும். எங்கே படுத்துக்கொண்டு அவர் அதைத் தேடிப் பிடித்தார் என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, இருபத்து மூன்றாம் தேதி, எல்லோரும் படிக்கும் லிஸ்டில் நினைவூட்டல் போட்டாள்: ராயன், பதில் இல்லை, இந்த வேலையில் உங்களுக்கு இன்னும் ஆர்வம் இருக்கிறதா? அரை மணியில் அவருடைய எண்ணிலிருந்து போன். அவள் சற்றுக் கடுமையாகவே சொல்லுங்க ராயன் என்றாள். ஒரு பெண் குரல், "அக்கா, நான் விஜிலா. அவிய இல்லக்கா. இருவதாம் தேதி."

அன்றைக்குத்தான் அந்தப் பழைய மெயிலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பில் திறந்து எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு வரி மேற்கோள். அதற்குக் கீழே, அவள் வற்புறுத்தி வற்புறுத்திச் சொன்ன இடத்தில், மேலே அல்ல, கீழே, தமிழில் எழுதியிருந்தார். மேடம், ஆசுபத்திரியில இருக்கேன். கணையத்துல ஆபரேசன். தொண்டையில குழாய் போட்டிருக்கு, பேச்சு இல்ல. இனிமே இத பாக்க முடியும்னு தோணல, என் பேர எடுத்துருங்க. ஐஸ் பெட்டி டெஸ்ட்ட மட்டும் விட்டுராதீங்க. ஒரு தடவ இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க. அவ்வளவுதான். எத்தனை முறை படித்தாயிற்று. போனில் மேற்கோளை வெட்டுவது கஷ்டம், விரலால் நானூறு வரியை அழுத்திப் பிடித்து இழுக்க அந்தக் கையில் தெம்பு இருந்திருக்காது. வண்ண எழுத்தை லிஸ்ட் தள்ளிவிடும், ஆகவே இது இவளுக்கு மட்டும்தான் வந்து சேரும் என்று தெரிந்தே அப்படி அனுப்பினாரோ. தெரிந்துதான் இருக்கும். இவளை நம்பி அனுப்பியிருக்கிறார், இவளோ. ஒவ்வொரு முறையும் மனம் கடைசி வரியில் வந்து சிக்கிக்கொள்ளும். பேச்சு இல்லை என்கிறார். பேச்சு இல்லாத மனிதர் எதற்குப் போன் செய்யச் சொன்னார். எடுத்தால் என்ன கேட்டிருக்கும், மூச்சா, ஏதோ இயந்திரத்தின் சத்தமா. இவள் பேச அவர் கேட்டுக்கொண்டிருக்க நினைத்தாரா. இவளிடம் அப்படிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது. விஜிலாவிடம் கேட்கலாம். கேட்டால் இப்படி ஒரு மெயில் வந்ததைச் சொல்ல வேண்டும், வந்ததற்கு என்ன பதில் போனது என்பதையும் சொல்ல வேண்டும். போனை அவள்தானே வைத்திருக்கிறாள், ஒருவேளை ஏற்கெனவே பார்த்திருப்பாளோ. பார்த்திருந்தால் அக்கா என்று கூப்பிடுவாளா. பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதற்குள்தான் எட்டு மாதம் ஒளிந்திருந்தாயிற்று.

34. அந்தச் சின்ன நிரலை ஓட்டினாள். பெறுபவர் பட்டியல் வந்தது. முதல் பெயர் பெனடிக்ட் ராயன். பெயரை எடுக்கச் சொல்லும் கடிதமும் அவருக்கே போகும், ஏனென்றால் இந்தத் திருத்தம் சேரும்வரை அவர் பொறுப்பில்தான் இருக்கிறார். இதைத் தடுக்க வழி இருக்கிறது. கட்டளையின் கடைசியில் ஒரே சொல், அந்த முகவரியை விலக்கிவிடும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நாகரிகமும் அதுதான். ஏன் என்ற இடத்தில் மறைவு காரணமாக என்று போட்டால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். இறந்துபோனவரைப் பற்றி லிஸ்டில் யார் கேள்வி கேட்பார்கள். மறைவு காரணமாக என்று அடித்தாள். பொய் இல்லை. ஆனால் வேறொருவர் இப்படி எழுதி அனுப்பியிருந்தால் அவள் என்ன பதில் போட்டிருப்பாள் என்றும் தெரியும்: காரணம் போதாது, என்ன நடந்தது என்று எழுதவும். அழித்தாள். 27. மறுபடி எழுதினாள். ராயன் மார்ச் ஒன்பதாம் தேதி மருத்துவமனையிலிருந்து எழுதி, தன் பெயரை எடுக்கச் சொன்னார், ஒருமுறை தொலைபேசியில் அழைக்கவும் சொன்னார். அது மேற்கோளுக்குக் கீழே இருந்தது. நான் கடைசிவரை படிக்காமல், எளிய எழுத்தில் திரும்ப அனுப்பச் சொல்லிப் பதில் போட்டேன். அழைக்கவில்லை. அவர் மார்ச் இருபதாம் தேதி இறந்தார். இருபத்து மூன்றாம் தேதி நான் இங்கே எழுதிய நினைவூட்டலைத் திரும்பப் பெறுகிறேன். எழுதி முடித்துப் படித்தபோது அது எல்லாத் திருத்தத்தின் காரணத்தையும் போலவே வறண்டு இருந்தது. இருக்கட்டும். போனவர்கள் கோப்பில் அவர் பெயரை எழுதி, கீழே, குளிரில் பேட்டரி அளவு, ஐஸ் பெட்டியில் வைத்துச் சோதித்தவர் என்று சேர்த்தாள். முகவரியை விலக்கும் அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை. விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. விஜிலா பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க், ஆங்கிலம் நன்றாகப் படிப்பாள். அனுப்பினால் தூத்துக்குடியில் அந்தப் போன் சத்தம் போடும். 19. அனுப்பினாள்.

உடனே போனை எடுத்து, ராயன் பேட்டரி என்று பதிந்து வைத்திருந்த எண்ணை அழுத்தினாள். அந்த எண்ணுக்கு அவளாகக் கூப்பிடுவது மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஆறேழு தடவை மணி அடித்தது.

"சொல்லுங்கக்கா. இப்பத்தான் வந்துச்சு. வாசிச்சுக்கிட்டு இருக்கேன்."

தமயந்தி காத்திருந்தாள். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. படிக்கிறாள். எத்தனை வரி படித்திருப்பாள்.

"அவிய பேருக்கு முன்னால கழித்தல் குறி போட்டுருக்கு."

"ஆமா விஜிலா. எடுக்கறதுன்னா அப்படித்தான் காட்டும்."

"கீழ கூட்டல் குறி போட்டுத் திரும்பவும் பேரு இருக்கே. அது என்னது?"

"அது போனவங்க பட்டியல். அதை யாரும் எடுக்க மாட்டாங்க."

"அதுக்கு மெயிலு வராதுல்லா?"

"வராது."

"சரி." பிறகு, "மேல எழுதிருக்கியளே, அதையும் வாசிச்சேன்" என்றாள் விஜிலா. அவள் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. ஒரு தாளைப் பார்த்துப் படிக்கிற குரலாக இருந்தது. "அவிய மெயிலு அடிச்சாவன்னு தெரியும். என்ன அடிச்சாவன்னு நான் பாக்கல. போனு அப்போ என் கையிலதான்க்கா இருக்கும். அவிய ஐசியூல. டைப் அடிக்கணும்னு கையக் காட்டுனா உள்ள கொண்டுபோய்க் குடுப்பேன், நர்ஸ் திட்டும், திரும்ப வாங்கிட்டு வந்துருவேன். நீங்க கூப்பிட்டிருந்தா நான்தான் எடுத்துருப்பேன். அது அவியளுக்குத் தெரியும்."

தமயந்தி எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று தெரியவில்லை.

"எங்க வீட்டுலயும் வரல, அவிய வீட்டுலயும் வரல. பதினோரு நாளு வராந்தால நான் ஒத்தைக்குத்தான் உக்காந்துருந்தேன்" என்றாள் விஜிலா. பிறகு, யாருக்கோ பதில் சொல்வதுபோல, "சரிக்கா. அவ்வளவுதான்" என்றாள்.

மேசையில் லேப்டாப் 11 என்று காட்டிக்கொண்டே அணைந்துபோனது. திரையில் அவள் முகம் தெரிந்தது. போன் பண்ணுங்க என்ற அந்த ஒற்றை வரி எட்டு மாதமாக அவளைப் பிடித்து ஆட்டியது எல்லாம், பேச்சில்லாத மனிதர் என்ன கேட்க நினைத்தார், என்ன சொல்ல நினைத்தார், மூச்சா இயந்திரமா, அத்தனையும் அதோடு சேர்ந்து அணைந்துவிட்டது. அவர் தனக்காகக் கேட்கவே இல்லை. மன்னிக்கவும் என்று வாய்வரை வந்தது. அந்தச் சொல்லை அவர்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார், மார்ச் பத்தாம் தேதி, எளிய எழுத்தில். வேறு என்ன சொல்வது. வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் போனில் என்ன கேட்பார்கள். குடம் வாங்க வந்த ருக்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"விஜிலா, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

 எதிர்முனையில், தூரத்தில் துறைமுகத்தின் பக்கமிருந்து ஒரு சங்கு ஊதி ஓய்ந்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை. தமயந்தி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரண்ட் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.